நெய்வேலிச் சுரங்க ஜலமும் சர்க்கார் பொறுப்பும்

நெய்வேலியில் பழுப்பு நிலக்கரி வெட்டுவது இன்றோ நாளையோ நின்றுவிடப் போவதில்லை. ஆயினும் என்றைக்கேனும் நின்றே தீரும். நின்ற பிறகு, அங்கே இரவு பகலாக இறைக்கப்பட்டு வரும் ஜலத்தின் கதி என்ன, அதற்கு யார் ஜவாப்தாரி என்ற கேள்வியை இன்று எழுப்ப விரும்புகிறோம். இது கரி தீர்ந்த பின் கேட்கவேண்டிய கேள்வி என்று சிலர் நினைக்கக்கூடும். கரி தீர்ந்த பின் கேட்டால் பதில் சொல்ல ஒருவரும் அங்கே இருக்கமாட்டார் என்பதே பல தேசங்கள் கண்ட அனுபவம்.

காட்டாங்குளத்தூரிலிருந்து வெளிவரும் ஒரு பத்திரிகைக்குக் கடலூர் ஜில்லாச் சுரங்கத்தைப் பற்றி இவ்வளவு அக்கறை ஏன் என்று அன்பர்கள் கேட்கலாம். 2004-ம் வருஷம் முதல் சென்னைக்குக் குழாய் வழியே வரும் வீராணம் ஏரி ஜலம் சுத்திகரிக்கப்படும் இடம் வடக்குத்து. அது நெய்வேலிக்கு அடுத்த ஊர். ஏரி வறண்ட பருவங்களில் நெய்வேலி வட்டாரத்து ஆழ்துளைக் கிணறுகளின் ஜலமும் அதே குழாயில் ஏறிற்று. 2019-ம் வருஷக் கோடையில் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் என்ற நான்கு ஏரிகளும் வறண்டு கிடந்தபோது, தென்திசையிலிருந்து வந்த இந்த ஜலமே நகரத்தின் தாகத்துக்குப் பெருந்துணையாயிற்று. அந்தக் கோடையில் இன்னொன்றும் நடந்தது. தாம்பரத்துக்கு அருகிலுள்ள எருமையூர், மாங்காட்டை அடுத்த சிக்கராயபுரம் ஆகிய இடங்களில் கைவிடப்பட்ட கல்குவாரிகளில் தேங்கியிருந்த மழை ஜலத்தையும் சுத்திகரித்து நகரத்துக்கு அனுப்பினார்கள். கல் உடைத்தவர் போய்விட்டார், குழி இருந்தது, குழியில் ஜலம் இருந்தது. அந்த ஜலம் யாருடையது, அதன் சுத்தத்துக்கு யார் பொறுப்பு, குழியைச் சுற்றி வேலி கட்டுவது யார் கடமை என்று இன்று ஒருவர் மனுப் போட்டால், அந்த மனு தாலூகா கச்சேரிக்கும் பஞ்சாயத்துக்கும் கனிம இலாகாவுக்குமாக நடந்து கால் தேயும். சிறு கல்குழிக்கே இந்தக் கதி என்றால், மைல் கணக்கில் அகன்ற நிலக்கரிக் குழிக்கு என்ன கதி நேரும் என்பதை வாசகர்கள் ஊகித்துக்கொள்ளலாம்.

நெய்வேலியின் பெருமையை நாம் குறைத்துப் பேச வரவில்லை. நிலக்கரிக்காக வங்காளத்தையும் பீகாரையும் எதிர்பார்த்துக் கிடந்த தென்னாட்டில், 1930-களில் ஸ்ரீ ஜம்புலிங்க முதலியார் தமது நிலத்தில் வெட்டுவித்த கிணற்றில் ஜலத்தோடு கரிய துகள்கள் வந்ததிலிருந்து பிறந்தது அந்தத் தொழில். 1956-ம் வருஷம் கம்பெனி ஏற்பட்டது. 1957-ம் வருஷம் மே மாதம் 20-ந் தேதி பண்டித ஜவாஹர்லால் நேரு வெட்டும் வேலையைத் தொடங்கிவைத்தார். 1961-ம் வருஷம் ஆகஸ்டு மாதத்தில் கரி கண்ணுக்குத் தெரிந்தது. இடையே சென்ற நான்கு வருஷங்களும் மண்ணோடும் ஜலத்தோடும் போராடிய வருஷங்கள். அவற்றுள் ஜலத்தோடு நடந்த போராட்டமே கடினமானது. அது இன்றளவும் ஓயவில்லை.

விஷயம் இதுதான். நெய்வேலியில் கரிப் படுகையின் மேல் நூறடிக்கு மேற்பட்ட மண்ணும் மணற்பாறையும் கிடக்கின்றன. படுகைக்குக் கீழே, மணல் அடுக்குகளில், பெரிய ஊற்று ஒன்று அழுத்தத்துடன் அடைபட்டிருக்கிறது. அதன் விசை சதுர சென்டிமீட்டருக்கு 6 முதல் 8 கிலோ என்று பொறியாளர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள். சாதாரண பாஷையில் சொன்னால், இருநூறு அடிக்கு மேல் உயரமுள்ள ஜலஸ்தம்பத்தின் பளு கீழிருந்து மேலே நெட்டித் தள்ளுகிறது. மேலுள்ள மண்ணை அகற்றிக் கரியை வெட்டத் தொடங்கினால், அந்த விசையைத் தாங்க மேலே பளு இல்லாமல் போகும்; குழியின் அடித்தளம் வெடித்து ஜலம் பொங்கிவிடும். ஆகவே குழியைச் சுற்றிலும் ஆழ்குழாய்க் கிணறுகள் இறக்கி, ஊற்றின் அழுத்தத்தை எப்போதும் தணித்தே வைத்திருக்க வேண்டும். இதில் ஞாயிற்றுக்கிழமையும் கிடையாது, தீபாவளியும் கிடையாது. அறுபது வருஷங்களுக்கு மேலாக இப்படி இறைத்து வருகிறார்கள். வெட்டியெடுக்கும் கரியைப் போல் பல மடங்கு எடையுள்ள ஜலம் வெளியே வருகிறது. கரி விற்ற கணக்கு ஆண்டுதோறும் பங்குதாரர்களுக்கு அச்சாகி வருகிறது. ஜலக் கணக்கைக் கிராமத்துக் குடியானவன் எந்தச் சாவடியில் போய்ப் பார்ப்பான்?

இறைத்த ஜலத்தின் ஒரு பகுதி அனல் மின்நிலையங்களுக்கும் நகரியத்துக்கும் போகிறது. மற்றொரு பகுதி ஓடைகள் வழியாக வாலாஜா ஏரிக்கும் பெருமாள் ஏரிக்கும் பரவனாற்றுக்கும் போய், வழியிலுள்ள வயல்களுக்குப் பாய்ந்து, எஞ்சியது கடலூருக்கு அருகே கடலில் விழுகிறது. இதனால் இரண்டு விதமான ஜனங்கள் உண்டாகியிருக்கிறார்கள். சுரங்கத்தைச் சுற்றிலும் கிணறு ஆழ்ந்து ஆழ்ந்து போனவர்கள் ஒரு சாரார். சுரங்கம் வெளியேற்றும் ஜலத்தை நம்பிச் சாகுபடி செய்பவர்கள் மற்றொரு சாரார். ஒருவருக்கு நஷ்டம் விளைவித்த இறைப்பே மற்றவருக்குப் பாசனமாயிற்று. இறைப்பு நிற்கும் நாளில் இந்த இரண்டு கணக்கும் தலைகீழாகும். முதல் சாராரின் கிணறுகளில் மெல்ல மெல்ல ஊற்று ஏறும். இரண்டாம் சாராரின் வாய்க்கால் வறளும். ஆனால் எத்தனை வருஷத்தில் ஏறும், எந்த மட்டத்தில் வந்து நிற்கும், குழியின் விளிம்பைத் தாண்டித் தாழ்ந்த கிராமங்களுக்குள் வழியுமா, வழிந்தால் எந்த ஓடையில் எவ்வளவு விடுவது, எந்த மாதத்தில் விடுவது என்பவற்றுக்கெல்லாம் அளவும் விதியும் வேண்டும். ஜலத்தின் பெயரால் அந்தப் பிரதேசத்தில் ஏற்கெனவே கலகம் நடந்துவிட்டது. 2023-ம் வருஷம் ஜூலை மாதம் வளையமாதேவியில் விளைந்து நின்ற நெற்பயிரின் மேல் இயந்திரங்களை ஏற்றி வெட்டியது ஒரு கால்வாய். விரிந்துகொண்டு வரும் சுரங்கத்தைச் சுற்றிப் பரவனாற்றைத் திருப்பி விடுவதற்காக வெட்டிய கால்வாய். சுரங்கம் நடக்கும் காலத்திலேயே ஓர் ஆற்றைத் திருப்புவது இத்தனை கண்ணீருக்கு இடமானால், சுரங்கம் மூடி, கம்பெனியின் அதிகாரிகள் பெட்டி கட்டிக்கொண்டு போன பிறகு அதே கால்வாயின் கரையை யார் காப்பார்?

ஜலத்தின் அளவைப் போலவே அதன் குணமும் கவனிக்கத்தக்கது. நிலக்கரியோடும் அதன் மேல் மண்ணோடும் கந்தகமும் இரும்பும் சேர்ந்த கனிமங்கள் கலந்திருப்பது வழக்கம். பூமிக்குள் காற்றுப் படாமல் கிடந்தவரையில் அவற்றால் தீங்கில்லை. வெட்டிக் குவித்தபின் காற்றும் ஈரமும் பட்டு அவை அமிலமாகும். பிறகு ஏறிவரும் ஜலம் அந்த அமிலத்தைக் கழுவிக்கொண்டு வரும். மேகாலயத்தில் ஜயந்தியா மலைகளின் ஆறுகள் இப்படித்தான் மீனற்றுப் போயின. 2014-ம் வருஷம் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் அங்கே எலிவளைச் சுரங்கங்களைத் தடுத்த காரணங்களில் இதுவும் ஒன்று. நெய்வேலிக் கரியில் கந்தகம் குறைவு என்று சொல்வார்கள். நல்லதே. குறைவு என்பதை ஆண்டுதோறும் அளந்து காட்டட்டும் என்றுதான் நாம் கேட்கிறோம்.

இனிச் சட்டத்துக்கு வருவோம். கைவிட்ட சுரங்கமும் ஜலமும் சேர்ந்து பிறப்பித்த வழக்கு ஒன்று, ஆங்கிலச் சட்டம் படித்த ஒவ்வொரு வக்கீலுக்கும் மனப்பாடம். லங்காஷயரில் ரைலண்ட்ஸ் என்ற ஆலை முதலாளி 1860-ம் வருஷத்தில் ஒரு நீர்த்தேக்கம் கட்டினார். அடியில் மூடிக்கிடந்த பழைய சுரங்கத் துளைகள் இருந்தன. தேக்கத்து ஜலம் அவற்றின் வழியே இறங்கி, பக்கத்தில் பிளெட்சர் என்பவர் வெட்டிவந்த கரிச் சுரங்கத்தை மூழ்கடித்தது. ஆபத்தான பொருளைத் தன் நிலத்தில் கொண்டுவந்து சேர்ப்பவன், அது தப்பினால், அஜாக்கிரதை இருந்தாலும் இல்லாவிட்டாலும் நஷ்டத்துக்குப் பொறுப்பு என்று 1868-ல் பிரபுக்கள் சபை தீர்ப்புக் கூறியது. ஆனால் சேர்த்துக் கொண்டுவராமல், தன் சுரங்கத்தில் இயல்பாக ஊறிய ஜலம் பள்ளம் நோக்கி அண்டைச் சுரங்கத்துக்குள் ஓடினால் பொறுப்பில்லை என்று அதற்கு முன்பே, 1849-ல், ஸ்மித் எதிர் கென்ரிக் என்ற வழக்கில் முடிவாகியிருந்தது. சுரங்கம் வெட்டுவோர் இரண்டாவது வழக்கையே பற்றிக்கொள்வார்கள்: ‘ஜலம் தெய்வச் செயல், நாங்கள் பம்பை நிறுத்தினோமேயன்றி ஜலத்தை அனுப்பவில்லை.’

இந்த ஆங்கில விதி நமது நாட்டு ஏரிகளுக்கு வந்தபோது என்ன ஆயிற்று என்பதும் அறியத்தக்கது. அக்காலம் வட ஆற்காடு ஜில்லாவிலிருந்த கார்வேட்டிநகர ஜமீனில் ஏரிகள் உடைந்து ரயில்பாதையை அடித்துப் போயின. சென்னை ரயில்வேக் கம்பெனி ஜமீன்தார்மேல் வழக்குத் தொடுத்தது. 1874-ல் பிரிவி கௌன்சில், இந்நாட்டு ஏரிகள் சொந்த லாபத்துக்காக ஒருவன் கட்டிவைத்த தேக்கங்கள் போன்றவை அல்ல, ஜனங்களின் ஜீவனத்துக்காகப் பழங்காலந்தொட்டுப் பராமரிக்கப்பட்டு வருபவை, பராமரிப்பது ஜமீன்தாருக்கு உரிமை மட்டுமல்ல கடமையும் ஆகும் என்று கண்டு, அஜாக்கிரதை இல்லாதபோது அவர் பொறுப்பல்ல என்று தீர்த்தது. நீரைத் தேக்கிவைப்பவனுக்கு இந்நாட்டில் ஒரு நிரந்தரக் கடமை உண்டு என்று அந்நிய நீதிபதிகளே ஒப்புக்கொண்ட தீர்ப்பு அது. அறுபது வருஷம் நிலத்தடி ஊற்றைத் தன் சௌகரியத்துக்குத் தாழ்த்திவைத்த ஒரு ஸ்தாபனத்துக்கு அந்தக் கடமை ஜமீன்தாரைவிடக் குறைவாக இருக்க நியாயமில்லை.

ஆனால் இன்றைய விதிகள் என்ன சொல்கின்றன? மத்திய சர்க்காரின் நிலக்கரி இலாகா 2009-ம் வருஷத்தில் சுரங்கம் மூடுவதற்கென வழிகாட்டி விதிகள் வகுத்தது. பின்னர்ச் சிலமுறை திருத்தி, 2025-ல் புதிதாகவும் வெளியிட்டது. ஒவ்வொரு சுரங்கமும் மூடுதிட்டம் எழுதி அங்கீகாரம் பெறவேண்டும், அதற்கான தொகையை நிலக்கரிக் கட்டுப்பாட்டு அதிகாரியின் பெயரோடு சேர்த்த தனிக் கணக்கில் வருஷாவருஷம் கட்டவேண்டும் என்ற ஏற்பாடு நல்ல ஏற்பாடுதான். அதற்கு முன்பு அதுவும் இல்லை. ஆயினும் அந்தத் தொகை எதைக் கொண்டு கணக்கிடப்பட்டது? திறந்தவெளிச் சுரங்கமானால் ஹெக்டேருக்கு ரூபாய் 6 லட்சம் என்று நிலப்பரப்பைக் கொண்டு கணக்கிட்டார்கள்; பிற்பாடு தொகையை உயர்த்தினார்கள். ஊற்றே இல்லாத மேட்டு நிலத்துச் சுரங்கத்துக்கும், கீழே ஒரு சமுத்திரம் அழுத்திக்கொண்டிருக்கும் நெய்வேலிக்கும் ஒரே முழக்கோல்! போதாக்குறைக்கு, மூடிய பின் காற்றையும் ஜலத்தையும் சோதிப்பதற்கு அந்த விதிகளில் எழுதிய காலம் மூன்றே வருஷம். அறுபது வருஷம் இறைத்துத் தாழ்த்திய ஊற்று மூன்று வருஷத்தில் நிலைக்கு வந்துவிடும் என்று எந்த ஜோசியர் சொன்னாரோ அறியோம். இவையெல்லாம் இலாகா வகுத்த விதிகளேயன்றிப் பார்லிமெண்ட் இயற்றிய சட்டம் அல்ல என்பதையும் மறக்கலாகாது. 1974-ம் வருஷத்து ஜல மாசுத் தடுப்புச் சட்டமோ, கழிவு விடுவதற்கு அனுமதி பெறும் தொழில் நடத்துவோரை மனத்தில் வைத்து எழுதப்பட்டது. தொழிலே முடிந்து, அனுமதிக்கு மனுச் செய்ய ஒருவரும் இல்லாதபோது, தானே பொங்கி வரும் ஜலத்தின்மேல் அந்தச் சட்டத்தைச் செலுத்துவது எளிதன்று. சென்னைச் சர்க்காரின் பங்கும் சிலாகிக்கத்தக்கதாயில்லை. 2003-ம் வருஷத்தில் ஒரு நிலத்தடி நீர்ச் சட்டம் இயற்றினார்கள்; அமலுக்குக் கொண்டுவராமலே வைத்திருந்து 2013-ல் ரத்து செய்தார்கள்.

இங்கிலாந்தில் இந்த ஓட்டையை அடைக்க ஒரு நூற்றாண்டுக்கு மேலாயிற்று. கைவிட்ட சுரங்கத்திலிருந்து வெளியேறும் ஜலத்தால் ஆறு கெட்டாலும் சுரங்கக்காரருக்குத் தண்டனையில்லை என்ற சலுகை அங்கே நெடுங்காலம் இருந்தது. கார்ன்வாலில் வீல் ஜேன் என்ற தகரச் சுரங்கத்தில் 1991-ல் இறைப்பை நிறுத்தினார்கள். மறுவருஷம் ஜனவரியில் அமில ஜலம் உடைத்துக்கொண்டு வந்து ஆற்றையும் கழிமுகத்தையும் செம்மஞ்சளாக்கியது. அதன் பின்னரே 1995-ம் வருஷச் சட்டத்தில், 1999-ம் வருஷம் முடிந்த பிறகு கைவிடப்படும் சுரங்கங்களுக்கு அந்தச் சலுகை இல்லை என்றும், கைவிடுமுன் ஆறு மாதத்துக்குக் குறையாமல் முன்னறிவிப்புக் கொடுக்கவேண்டும் என்றும் விதித்தார்கள். பழைய கரிச் சுரங்கங்களின் ஜலத்தைச் சுத்திகரித்து விடுவதற்கென்றே அங்கு ஒரு சர்க்கார் ஸ்தாபனம் வேலை செய்துவருகிறது.

ஜெர்மனியின் வழி இதைவிடப் படிக்கத்தக்கது. ரூர் பிரதேசத்தில் கரி வெட்டியதால் பூமி பல இடங்களில் தாழ்ந்து போயிற்று. இறைப்பை நிறுத்தினால் ஊர்களே ஏரிகளாகும். ஆகவே 2007-ல், சுரங்கங்கள் இன்னும் நடந்துகொண்டிருக்கும்போதே, ஒரு தர்மஸ்தாபனத்தை நிறுவி, கம்பெனியின் சொத்துகளை அதன் கையில் கொடுத்தார்கள். கடைசிச் சுரங்கம் 2018-ம் வருஷம் டிசம்பர் 21-ந் தேதி மூடியது; அடுத்த வருஷத்திலிருந்து இறைப்புச் செலவை அந்த ஸ்தாபனம் ஏற்றது. அந்தக் கடமைகளுக்கு அவர்கள் இட்டிருக்கும் பெயர் ‘நித்தியக் கடமைகள்’ என்பது. பழுப்பு நிலக்கரி வெட்டிய லௌஸிட்ஸ் பிரதேசத்தில் இவ்வளவு முன்யோசனை இல்லை. 1990-க்குப் பிறகு அங்கே குழிகள் மளமளவென்று மூடப்பட்டு, செலவு முழுதும் பொதுஜனத்தின் தலையில் விழுந்தது. ஸ்ப்ரே நதியின் கிளைகள் இரும்புத் துருவால் பழுப்பேறின. இதில் சென்னை நகரத்தார் காது கொடுக்க வேண்டிய செய்தி ஒன்றுண்டு: சுரங்கங்கள் இறைத்து விட்ட ஜலத்தாலேயே ஸ்ப்ரே நதி பல காலம் பெருகி ஓடியது. அந்த நதியோ பெர்லின் நகரத்துக் குடிநீருக்கு ஆதாரம். இறைப்பு நின்றால் வறண்ட கோடை மாதங்களில் அதன் நீர் முக்கால் பங்கு வரை குறையக்கூடும் என்று ஜெர்மனியின் மத்தியச் சூழல் இலாகா 2023-ல் எச்சரித்தது. ஜெர்மனியிலேயே நாஹ்டர்ஸ்டெட் என்ற ஊரில், பழைய கரிக்குழி ஏரியாக நிரம்பிவந்த காலத்தில், 2009-ம் வருஷம் ஜூலை 18-ந் தேதி கரை சரிந்து வீடுகள் உள்ளே போய் மூவர் மாண்டனர்.

வெளிநாட்டு உதாரணம் வேண்டாம் என்போர் கோலாருக்குப் போகட்டும். வட ஆற்காட்டிலிருந்தும் தர்மபுரியிலிருந்தும் சென்ற தமிழ்த் தொழிலாளர் தலைமுறை தலைமுறையாக உழைத்த அந்தத் தங்கச் சுரங்கம் 2001-ம் வருஷம் பிப்ரவரி 28-ந் தேதி மூடப்பட்டது. மூன்று கிலோமீட்டருக்கும் அதிகமாக ஆழ்ந்த சுரங்கம் அது. இறைப்பு நின்றது, ஜலம் ஏறியது, மேலே சயனைடு கலந்த மண்மேடுகள் மட்டும் நின்றன. நஷ்டத்தில் மூழ்கிய கம்பெனியிடம் அப்போது யார் என்ன கேட்க முடியும்? பீகாரில் அக்காலம் இருந்த சாஸ்னாலாவில் 1975-ம் வருஷம் டிசம்பர் 27-ந் தேதி பழைய வெட்டுக்களில் தேங்கியிருந்த ஜலம் உடைத்துக்கொண்டு, வேலை நடந்த சுரங்கத்துக்குள் பாய்ந்து, 370-க்கு மேற்பட்ட தொழிலாளரைக் கொன்றது. கைவிட்ட ஜலம் சும்மா கிடக்கும் என்று எண்ணுவோர்க்கு இதைவிடச் சாட்சி வேண்டுவதில்லை.

நெய்வேலி இன்று லாபத்தில் நடக்கிறது. அதுவே நமக்குள்ள ஒரே சௌகரியம். அங்குள்ள முதல் அனல் மின்நிலையம் 2020-ல் ஓய்ந்துவிட்டது; முதல் சுரங்கத்துக்கும் ஒரு நாள் ஓய்வு வரும். கம்பெனியிடம் பணம் இருக்கும்போது பொறுப்பை எழுதி வாங்காவிட்டால், பணம் போனபின் எழுதி வாங்குவது வெறும் காகிதம். இதனால் கரி விலை ஏறும், மின்சார விலை ஏறும் என்று கம்பெனியின் நண்பர்கள் சொல்வார்கள். ஏறட்டும். இன்று மின்விளக்கு ஏற்றிக்கொள்கிற நாம் கொடுக்கவேண்டிய காசைத்தான், நாளை கம்மாபுரத்தில் ஏர் பிடிக்கப்போகிறவன் தலையில் கட்டிக்கொண்டிருக்கிறோம்.

ஆகவே நெய்வேலியின் ஜலத்துக்கென்று தனியாக ஒரு மூடுதிட்டம் தயாராகவேண்டும். அதில் ஹெக்டேர்க் கணக்கு உதவாது. எத்தனை வருஷம் இறைக்கவேண்டும், எந்த ஓடைக்கு எந்தப் பருவத்தில் எவ்வளவு விடலாம், வாலாஜா ஏரியும் பெருமாள் ஏரியும் இறைப்பு நின்றபின் எதைக் கொண்டு நிரம்பும் என்பவற்றை எண்ணிச் செலவு காணவேண்டும். அந்தச் செலவுக்கான நிதி கம்பெனியின் கைக்கும் இலாகாவின் கைக்கும் எட்டாத தர்மகர்த்தாக்களிடம் இருக்கவேண்டும். அவர்களில் கிராமப் பிரதிநிதிகளும் இருக்கவேண்டும். மூன்று வருஷம் என்ற வரம்பு அடியோடு நீங்கி, ஊற்றின் மட்டமும் ஜலத்தின் குணமும் நிலைபெறும் வரையில் கம்பெனியோ அதன் வாரிசான சர்க்காரோ பொறுப்பு என்று பார்லிமெண்ட் சட்டம் செய்யவேண்டும். கிணற்று மட்டங்களும் ஜலப் பரிசோதனைகளும் மாதந்தோறும் தமிழில் அச்சாகிப் பஞ்சாயத்து அலுவலகங்களில் ஒட்டப்படவேண்டும். சென்னைச் சர்க்கார் இதில் வெறும் பார்வையாளர் அல்ல. 2013-ம் வருஷத்தில் மத்திய சர்க்கார் விற்ற பங்குகளைத் தன் ஸ்தாபனங்கள் வாயிலாக வாங்கியது அது. பங்கு கேட்ட கை பொறுப்பையும் கேட்கட்டும். இனி விஸ்தரிப்புக்கென்று ஒரு காணி நிலம் எடுத்துக் கொடுப்பதாயிருந்தாலும், முதலில் இந்தத் திட்டத்தை மேஜையின்மேல் வைக்கச் சொல்லட்டும்.

மார்ச்சு மாதம் 22-ந் தேதி தண்ணீர் தினத்தில் கிராம சபைகள் கூடுகின்றன. கம்மாபுரம், குறிஞ்சிப்பாடி வட்டாரத்துச் சபைகள் இதை ஒரு தீர்மானமாக நிறைவேற்றி ஜில்லா கலெக்டருக்கும் தங்கள் பார்லிமெண்ட் அங்கத்தினருக்கும் அனுப்பலாம். நமது காட்டாங்குளத்தூர் ஒன்றியத்துச் சபைகளும் அதே நாளில், தத்தம் எல்லைக்குள் கைவிட்டுக் கிடக்கும் கல்குவாரிகளின் ஜாபிதாவைத் தயாரித்து, ஒவ்வொன்றின் ஆழம், தேங்கிய ஜலம், குத்தகைதாரர் பெயர் மூன்றையும் குறித்து அதனோடு சேர்த்தனுப்பினால், இரண்டு ஜில்லாக்களின் மனுவும் ஒரே தபாலில் கோட்டையை அடையும்.